எந்த ஸ்கூல் என்று கேட்டால்...

வீட்டிலேயே பிள்ளைகளைப் படிக்கவைக்கும் குடும்பங்களுக்குப் பாடம் சொல்லித்தருவது பெரிய பிரச்னை அல்ல. சட்டம், சான்றிதழ், சுற்றம் மூன்றும்தான் அவர்களைச் சோதிக்கின்றன.

காலை ஏழரை மணி. அடுக்குமாடிக் குடியிருப்பின் வாசலில் பள்ளி வேன் ஹாரன் அடிக்கிறது. ஒரு கையில் டிபன் டப்பா, மறு கையில் அவிழ்ந்த டையுமாகப் பிள்ளைகள் படியிறங்கி ஓடுகிறார்கள். பின்னாலேயே தண்ணீர் பாட்டிலுடன் அம்மாக்கள். இந்த அமளி எதிலும் சேராத ஒரு வீடு மும்பை, புணே, பெங்களூர் போன்ற நகரங்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாக உண்டு. அங்கே பத்து வயதுப் பிள்ளை இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருக்கலாம். அல்லது எழுந்ததும் எடுத்த கதைப் புத்தகத்தைக் கீழே வைக்காமல் இருக்கலாம். அவனுக்கு இன்று லீவு இல்லை. அவன் படிக்கும் இடமே அதுதான்.

வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சொகுசாகத் தெரியும். உள்ளே நடப்பது வேறு. முதலில் கணக்குப் பாடம் என்று திட்டம் இருக்கும். பாதியில் காஸ் சிலிண்டர் வரும். சின்னவன் பென்சிலைப் பிடுங்குவான். அடுப்பில் பால் பொங்கும். பின்னம் புரியாவிட்டால் அரை டம்ளர், கால் டம்ளர் அரிசி அளந்து புரியவைக்கலாம் என்பது இதில் உள்ள சுகம். அன்று பிள்ளை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டால் தலைமையாசிரியரிடம் அனுப்ப முடியாது என்பது சங்கடம். ஆசிரியை, ஆயா, சமையல்காரி, அம்மா எல்லாம் ஒரே ஆள். அவருக்கு இடைவேளை மணி அடிப்பதில்லை.

எல்லா வீடுகளிலும் ஒரே முறை கிடையாது. சிலர் என்சிஇஆர்டி புத்தகங்களை வாங்கி நேர அட்டவணை போட்டு நடத்துகிறார்கள். சிலர் பிள்ளையின் ஆர்வம் போகும் வழியிலேயே போகிறார்கள். ஒரு மாதம் பறவைகள் என்றால் பறவைகள்தான். இந்த இரண்டாவது முறைக்கு ‘அன்ஸ்கூலிங்’ என்று பெயர் வைத்தவர் ஜான் ஹோல்ட் என்ற அமெரிக்க ஆசிரியர், 1970-களில். பாதியில் பள்ளியை விட்டு வந்த பிள்ளைகள் முதல் சில மாதங்கள் புத்தகத்தைத் தொடாமல் சுற்றுவது உண்டு. பெற்றோர் மிகவும் கலங்குவது அப்போதுதான். தப்பான முடிவு எடுத்துவிட்டோமோ என்ற கேள்வி இரவில் கணவனுக்கும் மனைவிக்கும் இடையே வந்து படுத்துக்கொள்ளும்.

பதக்கம் உண்டு, மார்க் ஷீட் இல்லை

இந்தக் கேள்வியைத் தாண்டி வந்த குடும்பங்களில் நாடறிந்த ஒன்று மும்பையைச் சேர்ந்த ஜோஷி குடும்பம். மகள் மாளவிகா ஏழாம் வகுப்பில் நன்றாகவே படித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான் தாய் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினார். புற்றுநோயாளிகளுக்கு உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் அவருக்கு வேலை. எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளையும் அந்த நோய் தாக்குவதை அங்கே தினமும் பார்த்தவர். பிள்ளைகள் இப்போது சந்தோஷமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் அங்கிருந்து வந்தது. வேலையை விட்டார். வீட்டிலேயே பாடத்திட்டம் வகுத்தார். பல விஷயங்களைத் தொட்டுப் பார்த்த மாளவிகாவின் மனம் கம்ப்யூட்டர் புரோகிராமில் நிலைத்தது.

சர்வதேச இன்ஃபர்மாடிக்ஸ் ஒலிம்பியாடில் இந்தியாவுக்காக இரண்டு வெள்ளி, ஒரு வெண்கலம் வாங்கினார் மாளவிகா. ஆனால் ஐஐடியின் வாசல் திறக்கவில்லை. காரணம் எளிது: அங்கே பிளஸ் டூ சான்றிதழ் வேண்டும். அவரிடம் பத்தாம் வகுப்புச் சான்றிதழே இல்லை. சென்னைக் கணித நிறுவனம் மட்டும் காகிதத்தைப் பார்க்காமல் அறிவைப் பார்த்தது, எம்.எஸ்ஸி. தரத்துப் பாடங்களில் அவரைச் சேர்த்துக்கொண்டது. 2016-ல், 17 வயதில், அமெரிக்காவின் எம்ஐடி உதவித்தொகையுடன் அழைத்துக்கொண்டது. ஒலிம்பியாட் பதக்கம் பெற்றவர்களைச் சேர்க்க அங்கே வழி இருந்தது.

செய்தித்தாள்கள் கொண்டாடின. 2010-ல் டெல்லியைச் சேர்ந்த 14 வயதுச் சிறுவன் ஸாஹல் கௌஷிக், ஐஐடி நுழைவுத் தேர்வில் அகில இந்திய அளவில் 33-வது இடம் பிடித்தபோதும் இதே கொண்டாட்டம்தான். டாக்டரான தாய் தொழிலை ஒதுக்கிவைத்து வீட்டிலேயே வளர்த்த மாணவன் அவன். ஆனால் இந்த இரண்டு கதைகளையும் கேட்டுவிட்டு மறுநாளே பள்ளிக்கு டி.சி. கேட்டு மனு எழுதுவது ஆபத்து. பதக்கம் வாங்காத பிள்ளைகள்தான் எல்லா வீடுகளிலும் அதிகம். வீட்டில் படிக்கும் பிள்ளைகளும் இதற்கு விதிவிலக்கல்ல. பதக்கம் இல்லாத பிள்ளைக்கு எந்த வாசல் திறக்கும் என்பதுதான் சாதாரணக் குடும்பத்தின் கேள்வி.

சட்டம் என்ன சொல்கிறது?

கட்டாய இலவசக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்தது. 6 முதல் 14 வயதுவரையுள்ள பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது ஒவ்வொரு பெற்றோரின் கடமை என்கிறது அதன் 10-வது பிரிவு. சேர்க்காத பெற்றோருக்கு என்ன தண்டனை என்பதைச் சட்டம் சொல்லவில்லை. வீட்டுக் கல்வி என்ற சொல்லும் அதில் இல்லை. இந்த இடைவெளியில்தான் இக்குடும்பங்கள் வாழ்கின்றன.

வீட்டில் படித்த ஒரு டெல்லிச் சிறுமி 2011-ல் உயர் நீதிமன்றத்துக்கே போனாள். விரும்பி வீட்டில் கற்பிக்கும் பெற்றோருக்கு இந்தச் சட்டம் குறுக்கே வராது என்று மனிதவள அமைச்சகம் நீதிமன்றத்தில் தெரிவித்ததாக 2012-ல் செய்தி வந்தது. நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் 10-வது பிரிவில் ஓர் எழுத்தும் மாறவில்லை.

மாற்றத் தயங்குவதற்கு நியாயமும் இருக்கிறது. அந்தப் பிரிவு எழுதப்பட்டது வசதியான வீட்டு அம்மாக்களை மிரட்ட அல்ல. பட்டாசுக்கும் செங்கல் சூளைக்கும் போகும் பிள்ளையை, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட பெண் குழந்தையை, பள்ளிக்கு இழுத்துவர எழுதப்பட்டது. ‘வீட்டில் படிக்கிறாள்’ என்ற ஒரு வரி சட்டத்தில் ஏறினால் அதே வரியைச் சொல்லிப் பெண்ணை அடுப்படியில் நிறுத்த எத்தனை பேர் கிளம்புவார்கள்? வீட்டுக் கல்விக்காகப் பேசுபவர்கள் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி இது.

நொய்டாவிலிருந்து வரும் காகிதம்

சான்றிதழ் பிரச்னைக்குப் பலரும் பிடித்துக்கொள்ளும் கயிறு நொய்டாவில் இருக்கிறது. 1989-ல் தேசியத் திறந்தவெளிப் பள்ளியாகத் தொடங்கி, 2002-ல் தேசியத் திறந்தநிலைப் பள்ளிக் கல்வி நிறுவனம் என்று பெயர் மாறிய என்ஐஓஎஸ்தான் அது. 14 வயது நிரம்பினால் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்கள் தேறினால் போதும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. பதிவு ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதற்குள் ஒன்பது முறை எழுத வாய்ப்பு. தேர்வு ஆண்டுக்கு இரண்டு தடவை நடக்கிறது. இந்த முறை கணக்கு, அடுத்த முறை அறிவியல் என்று தவணையில் கட்டலாம். விளையாட்டு, சங்கீதம், நாட்டியம் என்று முழு நேரமும் இறங்கிவிட்ட பிள்ளைகளுக்கும், நோயால் பள்ளி போக முடியாதவர்களுக்கும் இது பெரிய வரம். கையில் காசு உள்ள சிலர் கேம்பிரிட்ஜ் தேர்வுகளைத் தனித் தேர்வராக எழுதவைக்கிறார்கள்.

ஆனால் காகிதம் வந்த பிறகும் கவலை முழுதாக விடுவதில்லை. 2018-ல் மருத்துவ நுழைவுத் தேர்வான நீட்டுக்கு வந்த அறிவிப்பு, திறந்தநிலைப் பள்ளி மாணவர்களுக்குத் தகுதியில்லை என்றது. டாக்டர் கனவுடன் என்ஐஓஎஸ் புத்தகம் படித்தவர்களின் தலையில் இடி. வழக்குப் போனது. அதே ஆண்டு மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. பள்ளியில் படிக்கும் பிள்ளையின் பெற்றோர் தினசரியில் கிரிக்கெட் பக்கத்தைப் பார்க்கும் நேரத்தில், இந்தப் பெற்றோர் ‘தகுதி விதிகள்’ என்ற தலைப்பைத் தேடுவது இதனால்தான்.

பெரிய சிக்கல்களுக்கு வக்கீல் உண்டு. சில்லறைச் சிக்கல்களுக்கு இல்லை. பள்ளிகளுக்கிடையிலான விளையாட்டுப் போட்டி என்றால் பள்ளியின் பெயர் வேண்டும். சில இடங்களில் போனஃபைடு சான்றிதழ் கேட்பார்கள். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் அன்போடு கேட்கும் முதல் கேள்வியே “எந்த ஸ்கூல்?” என்பதுதான். பிள்ளை உண்மையைச் சொன்னால் அடுத்த அரை மணி நேரம் விசாரணை. பதினாறாம் வாய்ப்பாடு சொல்லச் சொல்வார்கள். தாத்தா பாட்டிக்கு இன்னும் கஷ்டம். பேத்தி என்ன படிக்கிறாள் என்று கல்யாண வீட்டில் கேட்டால் பேச்சை மாற்ற வேண்டியிருக்கிறது.

தோழமையும் தானாக வருவதில்லை. பகல் முழுதும் மைதானம் காலி. நாலு மணிக்கு மற்ற பிள்ளைகள் திரும்புகிறார்கள். உடனே டியூஷனுக்குப் போய்விடுகிறார்கள். அதனால் இப்படிப்பட்ட குடும்பங்கள் ஒன்றையொன்று தேடிப் போகின்றன. வாரம் ஒரு நாள் பூங்கா, மாதம் ஒரு மலையேற்றம் என்று ஏற்பாடு செய்கின்றன. 2020-ல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது எல்லா வீடுகளுமே பள்ளியானது போலத் தோன்றியது. அது வேறு. செல்போனில் வந்தது பள்ளிதான். வீடு வெறும் வகுப்பறை. ஆனால் ஒரு பிள்ளையை நாள் முழுதும் வீட்டில் வைத்துக் கற்பிப்பதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டும் என்பது நாட்டுக்கே அப்போது புரிந்தது.

அந்த உழைப்பின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்று பார்த்தால் பதில் சங்கடமானது. ஜோஷி வீட்டிலும் கௌஷிக் வீட்டிலும் வேலையை விட்டவர் தாய்தான். ஒரு சம்பளத்தில் குடும்பம் ஓட வேண்டும், ஒருவராவது நன்றாகப் படித்திருக்க வேண்டும். இரண்டும் இல்லாத கோடிக்கணக்கான வீடுகளுக்கு, குறை எத்தனை இருந்தாலும், தெருக்கோடிப் பள்ளிதான் ஒரே ஏணி.

மகன் கேட்ட கணக்கு

இந்த நாட்டின் மிகப் புகழ்பெற்ற வீட்டுக் கல்வி மும்பையிலோ பெங்களூரிலோ நடந்ததல்ல, தென்னாப்பிரிக்காவில் நடந்தது. 1897 ஜனவரியில் டர்பனில் இறங்கியபோது காந்தியுடன் அவருடைய ஒன்பது, ஐந்து வயது மகன்கள் இருவரும், பத்து வயதுச் சகோதரி மகனும் இருந்தார்கள். வெள்ளைக்காரர் பள்ளியில் சலுகையாக இடம் கிடைத்திருக்கும். மற்ற இந்தியப் பிள்ளைகளுக்கு இல்லாத சலுகை தன் பிள்ளைகளுக்கும் வேண்டாம் என்று நினைத்தார். மாதம் ஏழு பவுண்டு சம்பளத்தில் ஓர் ஆங்கில ஆசிரியையை வைத்தார். தாமே குஜராத்தியில் பேசிக் கற்பித்தார். பிற்பாடு ஜோஹன்னஸ்பர்கில் ஆபீசுக்கும் வீட்டுக்குமாகத் தினமும் ஐந்து மைல் நடந்தபோது, நடையே வகுப்பு.

ஆனால் பிள்ளைகளுக்குப் போதிய நேரம் ஒதுக்க முடியவில்லை என்பதையும், மகன்களுக்கு இது மனக்குறையாக இருந்தது என்பதையும் சுயசரிதையில் காந்தியே ஒப்புக்கொண்டார். மூத்த மகன் ஹரிலால் குறையோடு நிற்கவில்லை. 1911-ல் தந்தையைப் பிரிந்து இந்தியா வந்து, மற்றவர்களைப் போல மெட்ரிகுலேஷன் எழுத அகமதாபாதில் பள்ளி மாணவனாக உட்கார்ந்தார். அப்போது அவருக்கு 23 வயது. தேறவில்லை. தந்தைக்கும் மகனுக்கும் விழுந்த பிளவு கடைசிவரை ஒட்டவில்லை. அந்தப் பிளவுக்குக் காரணங்கள் பல. அதில் ஒன்று, தனக்கு மறுக்கப்பட்ட ஒரு சாதாரணச் சான்றிதழ்.

தந்தையின் லட்சியத்தில் குறை காண்பது கடினம். ஆனால் அந்த லட்சியத்துக்கான விலையை மகன் கொடுத்தார். அவரைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. வீட்டில் படிக்கவைக்கும் ஒவ்வொரு பெற்றோருக்கும் இந்த நூறாண்டுப் பழைய கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது. ஆறு வயதில் பெற்றோர் முடிவு செய்யலாம். பதின்மூன்று வயதில் பிள்ளைக்கும் வாய் வேண்டும். பள்ளிக்குப் போகிறேன் என்று அது சொன்னால் போக விட வேண்டும்; அதை அம்மாவின் தோல்வியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. போகவில்லை என்றால் பத்தாவது தேர்வு எழுதுவதா, எப்போது எழுதுவது, எழுதாவிட்டால் மூடப்போகும் கதவுகள் எவை என்பதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும். பள்ளி ஒரு பிள்ளையைக் கைவிட்டால் குறைசொல்ல ஒரு கட்டடம் இருக்கிறது. வீடு கைவிட்டால் அதுவும் இல்லை.

மாலை நாலு மணி. வேன் திரும்பி வருகிறது. கலைந்த தலையும் கசங்கிய சட்டையுமாகப் பிள்ளைகள் இறங்குகிறார்கள். காலையிலிருந்து வீட்டில் இருந்தவன் பந்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடுகிறான். டியூஷன் தொடங்க இன்னும் அரை மணி இருக்கிறது. அந்த அரை மணி நேரம் யாரும் யாரையும் எந்த ஸ்கூல் என்று கேட்பதில்லை.