ஊட்டி மலை ரயிலை இன்ஜின் ஏன் பின்னாலிருந்து தள்ளுது?

மேட்டுப்பாளையத்தில் முதல்முறை ஏறுபவர்களுக்கு ஒரு சந்தேகம் வரும். வண்டி கிளம்பப் போகுது, முன்னால் இன்ஜினையே காணோமே? அது கடைசியில் நிற்கிறது. குன்னூர் வரை பெட்டிகளைத் தள்ளிக்கொண்டே ஏறும்.

காரணம், பயம்தான். நியாயமான பயம். கல்லாறு தாண்டியதும் செங்குத்தான இடங்களில் 12.5 அடி போனால் 1 அடி உயரம் ஏற வேண்டும். சாதாரண ரயிலுக்கு இது நடக்காத காரியம், சக்கரம் வழுக்கிவிடும். இன்ஜின் முன்னால் இழுத்துப் போகும்போது இணைப்புக் கொக்கி அறுந்தால், பெட்டிகள் பள்ளத்தை நோக்கி உருண்டோடும். இன்ஜின் கீழ்ப்பக்கம் இருந்தால் தாங்கிப் பிடித்துக்கொள்ளும்.

வழுக்காமல் இருக்க இன்னொரு ஏற்பாடு. கல்லாறு முதல் குன்னூர் வரை இரு தண்டவாளங்களுக்கும் நடுவே பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு ஓடுகின்றன. இன்ஜினின் அடியில் உள்ள பல்சக்கரம் அவற்றைக் கவ்விக்கொண்டு ஏறும். இரண்டு பட்டைகளின் பற்களும் ஒரே நேரில் இல்லாமல் மாறி மாறி இருப்பதால், எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும்.

உண்மையில் ஏறுவதைவிட இறங்குவதுதான் பெரிய பாடு. அதற்காகவே ஒவ்வொரு பெட்டியின் முன்மேடையிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நிற்கிறார். கையால் சுற்றும் பிரேக்தான். ஜன்னலோரம் செல்ஃபி எடுப்பவர்கள் இவரைக் கவனிப்பதே இல்லை!

1899-ல் குன்னூர் வரையும், 1908-ல் ஊட்டி வரையும் பாதை திறக்கப்பட்டது. மொத்தம் 46 கி.மீ., 16 சுரங்கப் பாதைகள், சுமார் 250 பாலங்கள். 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னமானது. குன்னூருக்கு மேல் பல்சக்கரம் தேவையில்லை, டீசல் இன்ஜின் போதும். மேலே போய்ச்சேர ஏறத்தாழ 5 மணி நேரம் ஆகும். பஸ்ஸில் போனால் சீக்கிரம் போய்விடலாம்தான். ஆனால் ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நிற்கும்போது இறங்கி டீ குடிக்க முடியுமா?

டிக்கெட் எடுக்கும் முன் மழையைப் பாருங்கள். வடகிழக்குப் பருவமழையில் கல்லாறு - குன்னூர் இடையே மண் சரிந்தால் சேவை ரத்தாகும். அப்போது தண்டவாளத்தோடு, நடுவில் உள்ள பற்பட்டைகளில் சிக்கிய கல்லையும் மண்ணையும் நீக்கியாக வேண்டும்.