கத்தியை யார் கையில் கொடுப்பது?

தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். வாசல் ஓரளவு அகலமாகவே திறந்திருக்கிறது. 69 சதவீத இட ஒதுக்கீடு பல பத்தாண்டுகளாக உண்டு. அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020-ல் வந்தது. அந்த முதல் அணி நாலரை ஆண்டுப் படிப்பையும் ஓராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சியையும் கடந்து, அடுத்து என்ன என்று யோசிக்கும் கட்டத்துக்கு வந்திருக்கிறது. குமரிக் கடற்கரையிலிருந்தோ பேச்சிப்பாறை மலையின் காணிக் குடியிருப்புகளிலிருந்தோ வரும் ஒரு பிள்ளை சர்ஜன் ஆவதற்கு இடம் மட்டும் போதாது. பக்கத்தில் நிறுத்திச் சொல்லிக்கொடுக்கும் ஆளும் வேண்டும் என்பதே என் வாதம்.

அறுவை மருத்துவம் கை பழகும் தொழில். தியேட்டரில் முதலில் கிடைப்பது காயத்தை விலக்கிப் பிடிக்கும் ரிட்ராக்டர்தான். பிறகு நூலை வெட்டச் சொல்வார்கள். எப்போதாவது ஒரு தையல் போட விடுவார்கள். அந்தத் தையலுக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை எந்த விதியும் சொல்வதில்லை. டாக்டர் வீட்டுப் பிள்ளைக்குக் கேட்கத் தெரியும். வீட்டில் முதல் பட்டதாரியாக வந்தவர் சுவரோரம் ஒதுங்கி நிற்பார். எம்.பி.பி.எஸ்.ஸோடு முதுநிலை எம்.எஸ். மூன்று ஆண்டு, உயர் சிறப்பு எம்.சிஎச். இன்னும் மூன்று என்று சேர்த்தால் மொத்தம் பதினொன்றரை ஆண்டு. கடனில் இருக்கும் குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்குமா?

இந்தக் குறையைத் தீர்க்க முடியும் என்பதற்கு நம் குமரி மாவட்டத்திலேயே முன்மாதிரி உண்டு. மேலாடை உரிமைக்கான தோள்சீலைப் போராட்டம் ஓய்ந்த சில ஆண்டுகளில், 1860-களில், நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான் லோ உள்ளூர் இளைஞர்களைச் சேர்த்து மருத்துவ வகுப்பு நடத்தினார். அங்கே பயின்றவர்கள் கிளை மருத்துவமனைகளில் பொறுப்பேற்றார்கள். வெளிநாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. அமெரிக்காவில் எலும்பு அறுவைத் துறை வெள்ளை ஆண்களின் துறையாகவே நெடுங்காலம் இருந்தது. அங்கே டாக்டர் போனி சிம்ப்சன் மேசன் தொடங்கிய ‘என்த் டைமென்ஷன்ஸ்’ அமைப்பு, பெண்களையும் கறுப்பின, சிறுபான்மை மாணவர்களையும் படிப்பின் தொடக்கத்திலேயே கோடைக்காலப் பயிற்சிக்குச் சர்ஜன்களிடம் அனுப்பியது. அப்படிப் போனவர்கள் அத்துறைக்கு விண்ணப்பிப்பது கூடியதை ஆய்வு காட்டியது.

தகுதி குறைந்துவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. எந்த ஒதுக்கீட்டில் வந்தாலும் எம்.எஸ். தேர்வு எல்லோருக்கும் ஒன்றுதான். மதிப்பெண்ணை மட்டும் வைத்துத் தகுதியை அளக்க முடியாது என்று 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. முதுநிலையிலும் ஒதுக்கீடு இருக்கிறதே என்பது அடுத்த கேள்வி. இருக்கிறது, ஆனால் எம்.சிஎச். படிப்பில் சமூக ஒதுக்கீடு கிடையாது. 1992-ன் மண்டல் தீர்ப்பே உயர் சிறப்புத் துறைகளை ஒதுக்கீட்டுக்கு உகந்தவையல்லாத இடங்களில் ஒன்றாகக் குறிப்பிட்டது. அந்தப் படியில் சட்டம் கைகொடுக்காதபோது, கீழ்ப்படிகளில் கிடைக்கும் பயிற்சியே ஏணி.

ஆகவே ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரியிலிருந்தே தொடங்கலாம். மூன்றாம் ஆண்டிலேயே, விருப்பமுள்ள முதல் தலைமுறை மாணவர்களுக்கு உதவித்தொகையோடு தியேட்டர் பயிற்சி தரலாம். யார் எத்தனை அறுவையில் கைகொடுத்தார், எத்தனை தையல் போட்டார் என்று பதிவேட்டில் எழுதி, துறைத் தலைவர் மாதம் ஒருமுறை பார்த்துக் கையெழுத்திட வேண்டும். பெயர் விடுபட்டவரை அடுத்த வாரமே மேசையருகே அழைக்க வேண்டும்.