ஹைட்ரஜன் டப்பா சொல்லிக் கொடுத்த பாடம்

"தண்ணியிலேயே எஞ்சின் ஓடும்" என்று யாரோ சொன்னதை நம்பி, போன கோடையில் நானும் ஒரு ஹைட்ரஜன் டப்பா செய்தேன். டீசல் செலவு அப்படி நெருக்கியது. ஊறுகாய் டப்பா ஒன்று, எவர்சில்வர் தகடு இரண்டு, எஞ்சின் டைனமோவில் சார்ஜ் ஆகும் 12 வோல்ட் பேட்டரி. அவ்வளவுதான்.

வெறும் தண்ணீரில் மின்சாரம் சரியாகப் பாயாது. ஏதாவது கரைக்க வேண்டும். கையில் கிடைத்த கல்லுப்பைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் வீட்டுக்காரம்மா ஓடி வந்து, "என்னங்க, பிளீச்சிங் பவுடர் வாடை வருது?" என்றார். அது குளோரின், நச்சு வாயு. தகடும் அரித்து, டப்பாவின் அடியில் பழுப்புச் சகதி. அதில் குரோமியம் இருக்கும். வயலில் கொட்டவே கூடாது. சமையல் சோடாவும் சரிப்படாது, கரியமில வாயு கலந்து வரும். இந்த வேலைக்கு ஏற்றவை காஸ்டிக் பொட்டாஷும் காஸ்டிக் சோடாவும்தான். அவை செலவாவதில்லை, குறைவது தண்ணீர்தான். அதனால் பேட்டரித் தண்ணீர் மட்டும் ஊற்றினால் போதும்.

அடுத்து காஸ்டிக் சோடா போட்டேன். அரை மணியில் டப்பா கொதித்து, மூடி தெறித்து, என் முழங்கையில் சாரல் பட்டது. பக்கத்தில் நின்ற மகன் தப்பியது பெரிய விஷயம். குழாயடியில் கையை நெடுநேரம் காட்டியதால் தழும்போடு போயிற்று. கண்ணில் பட்டிருந்தால்?

ஏன் கொதித்தது? இரு தகட்டுக்கு இடையே தண்ணீர் பிரிய ஒன்றரை வோல்ட் போதும். 12 வோல்ட்டை அப்படியே கொடுத்தால் எட்டில் ஏழு பங்கு சூடாகத்தான் போகும். சூடு ஏற ஏற மின்சாரம் இன்னும் அதிகம் இழுக்கும். அதனால் சூடு மேலும் ஏறும். ஏழு தகடுகளை வரிசையாக வைத்தால் ஆறு இடைவெளி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வோல்ட். சூடு கால் பங்காகக் குறையும். கரைசலையும் கெட்டியாக்கக் கூடாது. காஸ்டிக்கைத்தான் தண்ணீரில் போட வேண்டும். அதன்மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகாது, அரித்துவிடும்.

வரும் வாயுவில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்தே இருக்கும். சின்னப் பொறி பட்டாலும் வெடிக்கும். பிடித்து வைக்கவே கூடாது.

ஏழு தகடு வைத்தும் ஓட்டிப் பார்த்தேன். ஒரே வயலுக்குப் பாய்ச்சி, டேங்கில் குச்சி விட்டு அளந்தேன். டீசல் மிச்சமாகவில்லை. யோசித்தால் புரிகிறது: டைனமோவைச் சுற்றுவதும் அதே டீசல்தானே! சூடாகப் போனது போக மிச்சம்தான் வாயுவாகத் திரும்புகிறது.

டப்பாவைக் கழற்றிவிட்டேன். தொழுவத்துச் சாணம் சும்மா கிடக்கிறது. சாண எரிவாயுவைக் காற்றோடு எஞ்சினுக்கு விட்டால் டீசல் நிஜமாகவே குறையும், கழிவு உரமாகும். இப்போது அதற்குத்தான் குழி வெட்டுகிறேன்.