அத்தோ தேடி அறுபது கிலோமீட்டர்!

செங்கல்பட்டில் பரோட்டாவுக்குப் பஞ்சமில்லை. மாமல்லபுரம் பக்கம் ஒதுங்கினால் வெள்ளைக்காரர்களுக்காகச் சுட்ட பான்கேக்கூடக் கிடைக்கும். ஆனால், 'நல்ல அத்தோ வேணும்' என்று நாக்கு அடம் பிடித்தால் கொளவாய் ஏரிக்கு ஒரு டாட்டா காட்டிவிட்டு மின்சார ரயில் ஏறவேண்டியதுதான். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இறங்க வேண்டிய இடம் சென்னை பீச் ஸ்டேஷன். அங்கேதான் அத்தோவின் பிறந்த வீடு... தப்பு, புகுந்த வீடு!

"அத்தோன்னா என்ன ஸார், 'அதோ'ன்னு கை காட்டற சமாசாரமா?" என்று கேட்கும் அப்பாவிகளுக்கு: பர்மிய மொழியில் 'கலந்து பிசைந்தது' என்று அர்த்தம். தடித்த மஞ்சள் நூடுல்ஸ், பச்சை முட்டைக்கோஸ், வெங்காயம், பொரித்த பூண்டு, புளித்தண்ணீர், மிளகாய்த்தூள், எண்ணெய், எலுமிச்சை. 'பேஜோ' என்கிற மொறுமொறு தட்டையை நொறுக்கிப் போட்டு, கையாலேயே பிசைந்து தருவார்கள். தொட்டுக்க, வாழைத்தண்டு சூப். பர்மாவில் 'மொஹிங்கா' என்ற மீன்குழம்பு நூடுல்ஸிலும் வாழைத்தண்டு உண்டு. அந்த வழியில் வந்த உறவு இது!

இந்தத் தட்டுக்குப் பின்னால் ஒரு கப்பல் கதை இருக்கிறது. 1962-ல் பர்மாவில் ஜெனரல் நீ வின் ஆட்சியைப் பிடித்தார். 1964-ல் கடைகளெல்லாம் அரசுடைமை. போதாததற்கு 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது! தலைமுறை தலைமுறையாக அங்கே தொழில் செய்த தமிழர்களின் பேரேட்டில் வரவுப் பக்கம் ஒரே ராத்திரியில் காலி. பணம், நகையைக்கூட இஷ்டப்படி எடுத்துவர விடவில்லை. லட்சக்கணக்கான இந்தியர்கள் திரும்பினார்கள். பலர் வந்து இறங்கியது சென்னைத் துறைமுகத்தில்.

கையில் காசில்லை, கைப்பக்குவம் இருந்தது. சுங்கத்தில் அதை யாரும் பிடுங்க முடியாதே! 1969-ல் துறைமுகத்தை ஒட்டி ராஜாஜி சாலையில் பர்மா பஜார் உருவானது. அதற்குப் பின்னாலுள்ள செகண்ட் லைன் பீச் ரோட்டில் சாயங்காலமானால் அத்தோ வண்டிகள் களைகட்டும். ஆபீஸ் முடிந்து ரயில் பிடிக்க ஓடுகிற ஜனம், நின்றபடியே ஒரு தட்டைக் காலி செய்துவிட்டு ஓடும்.

இப்போது பல ஊர்களில் போர்டில் 'அத்தோ' இருக்கும். தட்டில் ஸாஸ் ஊற்றிய ஃப்ரைடு நூடுல்ஸ் இருக்கும். ஏமாறாமலிருக்க சில சோதனைகள்:

* நீங்கள் கேட்ட பிறகு, கண்ணெதிரே பிசையணும். முன்கூட்டியே பிசைந்து வைத்தது சவசவ.

* புளிதான் ராஜா. எலுமிச்சை மந்திரி. ஸாஸுக்கு சபையில் இடமே கிடையாது.

* பூண்டு பொன்னிறம். கறுத்திருந்தால் கசக்கும்.

* பேஜோ பல்லில் சத்தம் போடணும். நமத்துப் போயிருந்தால் நடையைக் கட்டுங்கள்.

கூடவே ஒரு முட்டை மசாலா சொல்லுங்கள். அவித்த முட்டையைக் கீறி, உள்ளே பொரித்த வெங்காயமும் பூண்டும் அடைத்து, புளித்தண்ணி விட்டுத் தருவார்கள். ஒரே வாயில் போடணும். கடித்துத் தின்றால் சட்டைக்குத்தான் முதல் பங்கு!

எல்லாவற்றையும் இழந்துவிட்டு வந்தவர்கள், யாரிடமும் கையேந்தாமல் அதே கையால் பிசைந்து பிழைத்த பண்டம் இது. அதற்காக ரெண்டு மணி நேரம் ரயிலில் உட்காரலாம் ஸார். சீட் கிடைக்கலியா? நின்றுகொண்டே போகலாம்!