முடி உதிர்வும் தோலின் நிறமும்

தலையில் காசளவு இடத்தில் முடி கொட்டிவிட்டால், அதற்குப் "புழுவெட்டு" என்று ஒரே பெயரை இட்டு, சின்ன வெங்காயத்தை அரைத்துத் தேய்ப்பது நம் கிராமங்களில் நெடுநாளைய வழக்கம். வடக்குத்து ஊராட்சியில் பணிகளைப் பார்வையிடச் செல்லும்பொழுது, "புண்ணுமில்லை, சிவப்புமில்லை, ஆஸ்பத்திரிக்கு எதற்கு ஐயா?" என்று தாய்மார்கள் நம்மிடம் கேட்பதுண்டு. இக்கேள்விக்கு விடை கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நெய்வேலிப் பகுதியின் செம்மண் தூசி வெள்ளை வேட்டியில் படிந்தால் பளிச்சென்று தெரியும். அதே தூசி கருந்துணியில் படிந்தால் செந்நிறம் மங்கிவிடும். ஆயினும் தூசி இல்லாமற் போவதில்லை. தோலின் அழற்சியும் இத்தகையதே. அழற்சி கண்ட இடத்தில் இரத்தம் மிகுதியாகப் பாய்வதால் வெண்ணிறத்தார் தோல் சிவக்கிறது. நம் தோலிலோ மெலனின் என்னும் நிறப்பொருள் மிகுந்திருப்பதால் அச்சிவப்பு கரும்பழுப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ, ஊதாவாகவோ தோன்றும்.

மருத்துவ நூல்களிற் காணும் படங்களோ பெரும்பாலும் வெண்ணிறத் தோலைக் காட்டுவனவே. 1975-ஆம் ஆண்டில் அமெரிக்க மருத்துவர் ஃபிட்ஸ்பாட்ரிக் தோலை வகைப்படுத்தியபொழுது வெண்ணிறத் தோலுக்கே நான்கு வகைகள் அமைத்தார். மாநிறத்துக்கும் கருநிறத்துக்கும் உரிய வகைகள் பின்னரே சேர்ந்தன. இக்குறையைப் போக்கும் பொருட்டு 2020-இல் லண்டன் மருத்துவ மாணவர் மலோன் முக்வெண்டே, பழுப்பு, கருநிறத் தோல்களில் நோய்க்குறிகள் எவ்வாறு தோன்றும் என்பதைக் காட்டும் கையேடு ஒன்றைத் தம் ஆசிரியர்களுடன் வெளியிட்டார்.

ஒரு பெயர், பல நோய்கள்

நாம் புழுவெட்டு என்பதில் புழு எதுவும் இல்லை. உடலைக் காக்கும் அணுக்களே முடிவேரைத் தாக்குவதால் அது உண்டாகிறது. அவ்விடம் வழவழப்பாக இருக்கும். வேர் அழிவதில்லையாதலால் பலருக்கு முடி மீண்டும் முளைக்கிறது.

குழந்தைகளின் தலையில் செதிலும் நமைச்சலும் கண்டு, முடி ஒடிந்து கரும்புள்ளிகளாகத் தெரியுமாயின் அது படர்தாமரையாக இருக்கலாம். இது சீப்பு, துண்டு வழியாகப் பிறருக்கும் பரவும். மேற்பூச்சு மட்டும் போதாது. மருத்துவர் கூறும் உள்மருந்தைப் பல வாரங்கள் உட்கொள்ள வேண்டும்.

நடுவில் வெளுத்து, ஓரம் கறுத்து, முடித்துளைகள் மறைந்த தழும்பு காணப்படின் அது லூபஸ் என்னும் நோயாக இருத்தல் கூடும். இதனை வெண்புள்ளி என்று கருதி ஏமாறுவோர் உண்டு. தழும்பான இடத்தில் முடி மீண்டும் முளைப்பதில்லை. ஆகவே, சிவப்பு தெரியட்டும் என்று காத்திருப்போர் இழப்பது நிரந்தர இழப்பாகும்.

உடலில் வெளிறிய தேமல், அதில் உணர்ச்சிக் குறைவு, முடியும் வியர்வையும் இன்மை, புருவ முடி உதிர்தல் ஆகியவை தொழுநோயின் குறிகளாகலாம். தொழுநோய் ஆராய்ச்சிக்கென 1955-இல் மத்திய அரசு செங்கற்பட்டை அடுத்த திருமணியில் ஒரு நிலையத்தை நிறுவியது. இன்று கூட்டு மருந்து சிகிச்சை அரசு மருத்துவமனைகளில் இலவசம். 6 அல்லது 12 மாதங்களில் முடிவடையும். தொடக்கத்திலேயே வந்தால் கை கால் ஊனத்தைத் தவிர்க்கலாம்.

செய்ய வேண்டுவன

நிறத்தை மட்டும் நம்பலாகாது. பகல் வெளிச்சத்தில் முடியை விலக்கிப் பார்த்தல் வேண்டும். செதில் உண்டா, தொட்டால் சூடோ வலியோ உண்டா, சுற்றியுள்ள தோலினும் கறுத்துள்ளதா, முடித்துளைகள் தெரிகின்றனவா என்று நோக்குக. ஐயம் எழுந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுக. தேவையாயின் அவர்கள் சிதம்பரத்திலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்புவர். அங்கே செதிலைச் சுரண்டி உருப்பெருக்கியில் நோக்கியும், சிறு தோல் துணுக்கைச் சோதித்தும் நோயை உறுதிசெய்ய இயலும்.

கிராமச் செவிலியரும் மகளிர் குழுவினரும் இச்செய்தியை வீடுதோறும் எடுத்துரைப்பாராக. நம் தோலின் நிறம் குறையன்று. அதன்மேல் நோய் எழுதும் எழுத்தைப் படிக்க அறியாமையே குறை. அக்குறையைக் களைவதும் கிராம முன்னேற்றப் பணியே.