இல்லத்துக்கேற்றது என்னும் நற்பெயர்

வாணிகத்துக்கு வேண்டிய முதல் பணமும் பண்டமுமே எனக் கருதுவோர் பலர். அவை முதலாதல் உண்மையே. ஆயினும், கணக்கேட்டில் எழுதப்படாத முதல் இன்னொன்றும் உண்டு. அதுவே நற்பெயர். சிறுவர்க்குரிய பண்டங்களில் இம்முதலின் ஆற்றல் மிகப் பெரிது. அங்கு விலை கொடுப்பவர் ஒருவர், நுகர்பவர் மற்றொருவர். பிள்ளையின் விருப்பத்தை மட்டும் பெற்ற பண்டம் வாயிற்படியிலேயே நின்றுவிடும். பெற்றோரின் நம்பிக்கையையும் பெற்ற பண்டமே இல்லத்தினுள் புகும். வீடியோ விளையாட்டுக் கம்பனிகளின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். குடும்பத்துக்கேற்றது என்னும் நற்பெயர் விற்பனையை எவ்வாறு வளர்த்தது, எவ்விடத்து வேலியாய் நின்று தடுத்தது, இன்று அதனை எவ்வளவுக்கு நம்பலாம் என்பன ஈண்டு ஆராயப்படும்.

இதனை விளங்கிக்கொள்வதற்கு முதலில் திரைப்படத் துறையை நோக்குதல் நன்று. கண்டி மாவட்டத்து நாவலப்பிட்டியில் 1917ஆம் ஆண்டு சனவரி 17ஆம் நாள் பிறந்தவர் எம். ஜி. இராமச்சந்திரன். பிற்காலத்தில் தமிழ்நாட்டுத் திரையிற் புகழ்பெற்ற அவர், மது அருந்தாதவராயும் புகை பிடியாதவராயும் தாயைத் தெய்வமாகப் போற்றுபவராயும் தோன்றுவதையே வழக்கமாகக் கொண்டார். சாண்டோ சின்னப்பா தேவரின் தேவர் பிலிம்ஸ் நிறுவனம் 1956 முதல் 1972 வரை அவரை நாயகராகக் கொண்டு 16 படங்களை ஆக்கியது. ‘தாய்க்குப் பின் தாரம்’ (1956), ‘தாய் சொல்லைத் தட்டாதே’ (1961), ‘தாயைக் காத்த தனயன்’ (1962), ‘குடும்பத் தலைவன்’ (1962) என்னும் பெயர்களை நோக்குக. இல்லத்தாரோடு சென்று பார்க்கத்தக்க படம் இது என்னும் உறுதிமொழியைப் பெயர்ப்பலகையே அளித்துவிடுகின்றது. ஆடவர் ஒருவர் தனியே படமாளிகைக்குச் செல்லின் ஒரு சீட்டு விற்கும். தாயும் பாட்டியும் பிள்ளைகளும் உடன் செல்லின் ஐந்தாறு சீட்டுகள் விற்கும். பெண்கள் மனமுவந்து வருவதே ஒரு படத்தின் வெற்றிக்கு அடிப்படை எனத் திரைப்பட வாணிகர் அறிந்திருந்தனர்.

எனினும், அவ்வுறுதிமொழி அளித்தவரையும் கட்டியது. ‘பாசம்’ (1962) என்னும் படத்தில் அவர் ஏற்ற பாத்திரம் இறுதியில் இறப்பது இரசிகர்க்கு உவப்பாகவில்லை. ‘ஒளிவிளக்கு’ (1968) படத்தில் மது மயக்கத்தில் அவர் தோன்ற நேர்ந்தபோது, அவருடைய மனச்சாட்சியே பல உருக்கொண்டு எதிர்நின்று இடித்துரைக்கும் பாடற்காட்சியும் உடன் அமைக்கப்பட்டது. நற்பெயர் விற்பனையை வளர்ப்பதோடு விற்பவரையும் ஒரு வரம்பினுள் நிறுத்துவதாகும். இவ்விரு தன்மைகளையும் யப்பானிய விளையாட்டுக் கம்பனி ஒன்றின் வரலாற்றில் இன்னும் விரிவாகக் காணலாம்.

நின்டென்டோ கம்பனி 1889ஆம் ஆண்டு கியோத்தோ நகரில் புசஜிரோ யமவுச்சி என்பவரால் தொடங்கப்பட்டது. மலரோவியம் தீட்டிய சீட்டுகளைச் செய்து விற்றலே அதன் முதற்றொழில். அச்சீட்டுகள் சூதாட்டத்துக்கும் பெரிதும் பயன்பட்டவை. ஆதலின் சீட்டென்றாற் சூதென்னும் எண்ணம் நிலவியது. 1959ஆம் ஆண்டு அக்கம்பனி வோல்ற் டிஸ்னி நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்து, மிக்கி எலி முதலிய சித்திரப் பாத்திரங்களைத் தன் சீட்டுகளிற் பொறித்து விற்றது. சீட்டு அதே சீட்டுத்தான். அதன் முகம் மாறியது. முகம் மாறவே, வாங்குவோரும் மாறினர். சூதாடுவோர் கையிலிருந்த பண்டம் சிறுவர் கைக்கு வந்து சேர்ந்தது. 1983இல் வெளியிட்ட விளையாட்டுக் கருவிக்கு அக்கம்பனி ‘குடும்பக் கணினி’ எனப் பொருள்படும் பெயரைச் சூட்டியதும் இவ்வழி வந்த சிந்தனையேயாம்.

அதே 1983இல் ஐக்கிய அமெரிக்காவில் வீடியோ விளையாட்டு வாணிகம் பெருவீழ்ச்சி அடைந்தது. அங்கு முதன்மை பெற்றிருந்த அட்டாரி கம்பனியின் கருவிக்கு எவரும் விளையாட்டுகளை ஆக்கி விற்கலாம் என்னும் நிலை இருந்தது. தரமற்றவை சந்தையில் மலிந்தன. 1982இல், அக்கம்பனியின் அநுமதி பெறாத பிறர் ஆபாசமான விளையாட்டுகளையும் அக்கருவிக்கென விற்றனர். கடைக்காரரும் பெற்றோரும் நம்பிக்கை இழந்தனர். 1985இல் அங்கு தன் கருவியைக் கொண்டுசென்ற நின்டென்டோ இதிலிருந்து பாடம் கற்றிருந்தது. தன் இசைவு பெறாத விளையாட்டு இயங்காதவாறு கருவியினுள் ஒரு பூட்டுச் சில்லை அமைத்தது. இசைவு பெற்றவற்றின் பெட்டியில் தர முத்திரையைப் பதித்தது. குருதியும் ஆபாசமும் தன் விளையாட்டுகளில் இடம்பெறலாகாதென விதித்தது. அக்கருவி உலகெங்கும் 6 கோடிக்கு மேல் விற்பனையாயிற்று. விளையாட்டுகள் சுவையாக இருந்தமை இதற்கு முதற்காரணம். அவற்றை வீட்டினுள் விடலாம் என்னும் துணிவைப் பெற்றோர்க்கு அளித்தது நற்பெயராகும்.

ஆனால் பிள்ளைகள் என்றும் பிள்ளைகளாக இருப்பதில்லை. பத்து வயதிற் போற்றிய விளையாட்டைப் பதினாறு வயதிற் சிறுபிள்ளைத்தனமெனத் தள்ளுதல் இயல்பு. இவ்வியல்பை அறிந்து அதற்கேற்ப விளம்பரம் செய்த கம்பனி சேகா. 1993இல் ‘மோர்ட்டல் கொம்பட்’ என்னும் சண்டை விளையாட்டு இரு கம்பனிகளின் கருவிகளுக்கும் ஒருங்கே வெளிவந்தது. நின்டென்டோ அதிலிருந்த குருதியை நீக்கிச் சாம்பல் நிற வியர்வையாக்கியது. சேகாவின் பதிப்பிலோ இரகசியக் குறியீடு ஒன்றை அழுத்தினாற் குருதி தோன்றும். விற்பனையிற் சேகாவின் பதிப்பே பெரிதும் முந்தியது. அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க மேற்சபையில் இவ்விளையாட்டுகள் பற்றிய விசாரணை நடைபெற்றது. அதன் பயனாக 1994இல் ஒவ்வொரு விளையாட்டுக்கும் வயதுக் குறி இடும் சபை ஒன்று தோன்றியது. அதே ஆண்டில் வெளிவந்த அவ்விளையாட்டின் இரண்டாம் பகுதியை நின்டென்டோவும் குருதியோடே வெளியிட்டது. இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வயதுக் குறி தோன்றுமுன் கம்பனியின் பெயரே பெற்றோர்க்குக் குறியாயிருந்தது. அது தோன்றியபின் ஒவ்வொரு பெட்டியும் தனக்குரிய குறியைத் தானே தாங்கியது. ஆகவே கம்பனி தன் கட்டினைச் சிறிது தளர்த்த முடிந்தது.

நற்பெயர் ஒன்றே விற்பனையைத் தந்துவிடுமோ எனின், தராது என்பதே எண்கள் கூறும் விடை. 2001இல் வந்த நின்டென்டோவின் கேம்கியூப் சிறுவர் விளையாட்டுப் பொருள் போன்றது எனப் பலராற் கருதப்பட்டு, ஏறத்தாழ 2 கோடியே 17 இலட்சம் அளவிலே நின்றது. வளர்ந்தோரையும் தன்பால் ஈர்த்த சோனியின் பிளேஸ்டேஷன் 2 கருவியோ 15 கோடிக்கு மேல் விற்றது. 2006இல் வந்த ‘வீ’ என்னும் கருவி, கையை அசைத்தாலே ஆடத்தக்கதாய், பாட்டனும் பேரனும் ஒருங்கு நிற்க இடமளித்து, 10 கோடியைத் தாண்டியது. அடுத்து 2012இல் வந்த ‘வீ யூ’ அதே நற்பெயரோடு வந்தும் 1 கோடியே 36 இலட்சத்தளவில் முடிந்தது. புதுக்கருவியா, பழையதன் துணைப்பொருளா எனப் பலர் மயங்கியமை அதற்கு ஒரு காரணம். நற்பெயர் கதவைத் திறக்குமேயன்றி, உள்ளே வந்த பண்டத்துக்குச் சுவையூட்டாது.

இதுகாறும் கூறியவை திரையில் என்ன தோன்றுகின்றது என்பது பற்றியன. இன்று மற்றொரு வினாவும் எழுந்துள்ளது. விலையின்றிக் கிடைக்கும் விளையாட்டுகள் பெருகிய பின்னர், விற்பனை கடையிலன்றி விளையாட்டினுள்ளேயே நிகழ்கின்றது. எபிக் கம்பனியின் ‘போர்ட்நைட்’ வண்ணச் சித்திரம் போன்றது. அதிற் குருதி தோன்றாது. ஆயினும், சிறுவரின் அந்தரங்க விபரங்களைப் பெற்றோர் இசைவின்றித் திரட்டியதென்றும், விளையாடுவோர் கருதாமலே பணம் செலவாகும்படி பொத்தான்களை அமைத்ததென்றும் எழுந்த குற்றச்சாட்டுகளைத் தீர்த்துக்கொள்வதற்கு, 2022 டிசம்பரில் அமெரிக்க வாணிக ஆணைக்குழுவுடன் செய்த உடன்பாட்டின்படி 52 கோடி டொலர் செலுத்த அக்கம்பனி இணங்கியது. கண்ணுக்கு இனிதாய்த் தோன்றுவது பணப்பைக்கும் இனிதாயிருக்குமென்னும் நியதி இல்லை.

கண்டியிலும் பேராதனை, கம்பளை, நாவலப்பிட்டி முதலிய அயலூர்களிலும் சிறுவர் விளையாடுவது பெரும்பாலும் கைத்தொலைபேசியிலேயாம். 2020இல் கொள்ளைநோயினாற் பாடசாலைகள் மூடப்பட்டபோது, பல இல்லங்களிற் பாடத்தின் பெயரால் அது பிள்ளைகளின் கையிற் சேர்ந்தது. முன்னாளில் விளையாட்டு கடையிலிருந்து பெட்டியாக வந்தது. விலை கொடுத்த தந்தை அதன் முகப்பையாவது பார்த்தார். இன்றோ அது ஓசையின்றி இறங்குகின்றது. வாயிற்காவல் செய்த பெற்றோர் வாயிலிலேயே நிற்க, விற்பவர் உள்ளே இருக்கின்றார். எனவே, கம்பனியின் பெயரையும் சித்திரத்தின் அழகையும் கண்டு அமைதியுறுதல் போதாது. இவ்விளையாட்டு எதைக் காட்டுகின்றது, யாரோடு பேச விடுகின்றது, எவ்வழியாற் பணம் கேட்கின்றது என்னும் மூன்றையும் வினவுதல் வேண்டும். வயதுக் குறியைப் படிப்பதற்கும், பணம் செலுத்தும் வழியைக் கடவுச்சொல்லாற் பூட்டுவதற்கும் மிகுந்த கல்வி வேண்டியதில்லை. பிள்ளையின் அருகிற் சிறிது நேரம் அமர்ந்திருத்தலே வேண்டும். நற்பெயர் விற்பவர் தேடிக்கொள்ளும் முதலாகும். அதனைச் சோதித்தறிதல் வாங்குபவரின் கடமை. அக்கடமையை எந்தக் கம்பனியும் அவர்க்காகச் செய்து முடிக்காது.