பங்கிடுவதற்கென்றே பிறந்த பேரெண்

எண் பெரிதானால் பங்கிடுவதும் எளிதாகும் என நம்மிற் பலர் எண்ணுகின்றோம். அஃது உண்மையன்று. கோமாரிக் கடற்கரையிலே கரைவலை இழுத்தோர் 101 பாரை மீன்களைப் பங்கிட முனைந்தால், இருவராயினும் ஐவராயினும் பதின்மராயினும் மீன் எஞ்சியே நிற்கும். மீன்கள் பன்னிரண்டேயாயின் இருவர், மூவர், நால்வர், அறுவர் எவர்க்கும் குறைவின்றிப் பகிரலாம்.

பன்னிரண்டிற்குக் காரணிகள் ஆறு. அதனிற் சிறிய எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் இல்லை. எட்டுக் காரணிகளையுடைய 24க்கும் இப்பெருமை உண்டு. இஸ்லாமிய வாரிசுரிமைக் கணக்கை நோக்குவோம். ஒருவர் மனைவியையும் தாயையும் ஒரு மகனையும் விட்டு இறப்பின், மனைவிக்கு எட்டிலொன்று, தாய்க்கு ஆறிலொன்று, எஞ்சியது மகனுக்கு. சொத்தை 24 கூறாக்கினால் முறையே 3, 4, 17 கூறுகள். பின்னத் தொல்லையே இல்லை.

தம்மிற் சிறிய எல்லா எண்களையும்விட மிகுந்த காரணிகளைக் கொண்ட இத்தகைய எண்களை ஆழ்ந்து ஆராய்ந்தவர், கும்பகோணத்தில் வளர்ந்த கணித மேதை சீனிவாச இராமானுஜன். 1914இல் இங்கிலாந்து சென்ற அவர், மறு ஆண்டே இலண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் இவைபற்றி நெடுங்கட்டுரை எழுதினார். தாய்நாட்டிலே கல்லூரிப் பரீட்சைகளில் தவறிப் பட்டமின்றி நின்றவருக்கு, 1916இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பட்டம் வழங்கியது இவ்வாராய்ச்சிக்காகவே.

அக்கட்டுரையில் இத்தகைய எண்கள் 102ஐ அவர் வரிசைப்படுத்தினார். கணிப்பொறி இல்லாத காலம் அது. பட்டியலின் இறுதியில் நிற்பது 6746328388800. ஆறு இலட்சத்து எழுபத்து நாலாயிரங் கோடியைக் கடந்த இப்பேரெண்ணை 1 முதல் 28 வரையுள்ள எந்த எண்ணாலும் மீதியின்றி வகுக்கலாம். 29தான் முதலில் வழிமறிக்கின்றது.

இதன் உட்கூறு யாது? 2 ஆறு முறை, 3 நான்கு முறை, 5உம் 7உம் இவ்விரு முறை, 11, 13, 17, 19, 23 ஒவ்வொரு முறை. இவற்றின் பெருக்கமே இவ்வெண். சிறிய முதன்மை எண் மிகுதியாகவும், பெரியது குறைவாகவும் வருதலை நோக்குக. ஒவ்வொரு முறையெண்ணுடனும் ஒன்றைக் கூட்டிப் பெருக்கினால், அதாவது 7×5×3×3×2×2×2×2×2 எனக் கண்டால், 10080 கிடைக்கும். காரணிகளின் தொகை அதுவே.

எனினும் அப்பட்டியலில் ஓர் எண் விடுபட்டுப் போயிற்று. 5040 காரணிகளையுடைய 293318625600 என்பதே அது. வியப்பு யாதெனில், விடுபட்ட எண்ணை 23ஆற் பெருக்கினால் பட்டியலின் இறுதி எண்ணே வந்து நிற்கின்றது! மேதையின் கைக்கணக்கிலும் ஒன்று நழுவியதால் அவர் புகழ் குன்றவில்லை. நிறுவிய விதிகள் நிலைத்தே நிற்கின்றன.

பள்ளி செல்லும் நம் பிள்ளைகள் பென்சிலும் தாளும் கொண்டு அப்பெருக்கலைச் செய்து பார்க்கட்டும். இராமானுஜன் நடந்த வழியிலே ஓரடியேனும் தாமும் நடந்த மகிழ்ச்சி அவர்களுக்குக் கிட்டும்.